எண்பது சைஸுக்குப் பத்தாம் வகுப்பு

மகுடேஸ்வரனின் விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே நான்கு பதவிகள் இருந்தன. நான்கையும் அவனே பார்த்துக்கொண்டான், கம்பெனியில் வேறு ஆள் கிடையாது. ஐந்தாவதாக ஒன்று சேர்த்தால் எழுத்து பொடியாகிவிடும் என்று அச்சகக்காரர் சொன்னதால்தான் அத்தோடு நிறுத்தினான்.

கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, பெங்களூரில் ஆன்லைன் பாடம் விற்கும் கம்பெனி ஒன்றில் மூன்று வருடம் இருந்தான். பெற்றோருக்கு ஃபோன் போட்டு, உங்கள் பிள்ளை பின்னக் கணக்கில் பின்தங்கிவிட்டான் என்று கனிவான குரலில் பயமுறுத்துவது அவன் வேலை. அந்தப் பிள்ளைகளில் ஒருவரைக்கூட அவன் கண்ணால் கண்டதில்லை. ஒருநாள் கம்பெனி அவனையும் சேர்த்து எண்ணூறு பேரை ஒரே வீடியோ காலில் வீட்டுக்கு அனுப்பியது. திருப்பூர் வந்து இறங்குவதற்குள், வேலையைத் தானே உதறிவிட்டு வந்ததாக அவன் நம்பத் தொடங்கியிருந்தான்.

அப்பா ஆத்தப்பனுக்குப் பல்லடம் ரோட்டில் யூனிட். அறுபது மெஷின், குழந்தைகள் பனியன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். மகன் ஃபோன் ஆப்பில் பாடம் விற்கும் கம்பெனி ஆரம்பித்திருந்தான். அது என்ன தொழில் என்று அவருக்கு மூன்று தடவை விளக்கப்பட்டது. மூன்றாவது தடவை அவர் ஒரே கேள்வி கேட்டார்: அதை மடித்து பேக் பண்ண முடியுமா?

முடியவில்லை. கல்யாணத்துக்கு மொய் வைப்பதுபோலச் சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு தடவை ஆப்பை டவுன்லோட் செய்து மரியாதை செய்தார்கள். இலவச மாதம் முடிந்ததும் பந்தி முடிந்த மாதிரி எழுந்து போய்விட்டார்கள். சித்திரை மாதம் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது ஆத்தப்பன் கெடு வைத்தார்.

"ஆடி முடியறதுக்குள்ள சொந்தமில்லாத ஆளு ஒருத்தரு காசு குடுத்து உன்ற பாடத்த வாங்கோணும் கண்ணு. இல்லீன்னா ஆவணி ஒன்னாந்தேதி கட்டிங் டேபிளுக்கு வந்துரோணும். கார்டுல நீயே அதையும் அடிச்சுக்க."

மகுடேஸ்வரனுக்குக் கட்டிங் டேபிள் என்றாலே ஆகாது. பஞ்சுத் தூசியால் அல்ல. பெங்களூர் நண்பர்களிடம் அதை எந்தப் பெயரில் சொல்வது என்பதுதான் கவலை.

வைகாசியில் அதிர்ஷ்டம் அடித்தது. பெரிய தனியார் பள்ளி ஒன்று ஆறாவது முதல் பத்தாவது வரை கணக்குப் பாடம் நூற்றிருபது வீடியோ கேட்டது. முதலில் ஒரு சாம்பிள் காட்டச் சொன்னார்கள். கோயம்புத்தூரிலிருந்து கோட்டு போட்ட பேராசிரியர் ஒருவரைக் கூட்டிவந்து, ஏசி ரூமில் வைத்து ஒரு பாடம் எடுத்தான். சாம்பிள் ஓகே ஆனது. மீதி நூற்றுப் பத்தொன்பதுக்கும் பேராசிரியர் சொன்ன ரேட்டைக் கேட்டதும் ஏசியை நிறுத்திவிட்டான்.

அப்போதுதான் நாகஜோதி அகப்பட்டாள். அப்பாவின் யூனிட்டில் தைத்த பனியனில் ஓட்டை இருக்கிறதா என்று செக்கிங் பார்ப்பவள், அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரி. பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு, குடும்பத்தோடு பனியனுக்கு வந்தவள். குடோனில் துணிக்கட்டுகளுக்கு நடுவே நின்று ஒன்றரை மாதத்திலேயே மொத்தத்தையும் எடுத்துத் தள்ளினாள். பின்னால் ஓவர்லாக் மெஷின் இரைந்துகொண்டே இருந்தது. நிகழ்தகவு நடத்த ஒரு கூடை பனியனைக் கவிழ்த்தாள். "நூறுல ஏழு ஓட்டை. கண்ண மூடிக்கிட்டு ஒன்ன எடுக்கேன். ஓட்டையா இருக்க எவ்வளவு வாய்ப்பு? சூப்பர்வைசர் நிக்கும்போது எடுத்தா கட்டாயம் ஓட்டைதான், அது சிலபஸ்ல இல்ல."

பள்ளித் தாளாளர் நான்கு வீடியோ பார்த்தார். சாம்பிளில் கோட்டு போட்ட சார் வந்தார், சரக்கில் பீஸ் எண்ணுகிற பெண் வருகிறாள் என்று மொத்தத்தையும் திருப்பி அனுப்பினார். சாம்பிள் ஒன்று, சரக்கு ஒன்று: திருப்பூரில் பிறந்தவன் தூக்கத்தில்கூடச் செய்யக்கூடாத தப்பு. ஆத்தப்பன் திட்டவில்லை. இரண்டு நாள் சிரித்தார். அது அதைவிட மோசம்.

ஆடி பிறந்துவிட்டது. ரிஜெக்ட் ஆன லாட்டை என்ன செய்வது என்று இந்த ஊரில் யாரும் யோசிப்பதில்லை. லேபிளை வெட்டுவார்கள், காதர்பேட்டைக் கடைகளில் மலிவு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். மகுடேஸ்வரனும் பள்ளியின் சின்னத்தை நூற்றிருபது வீடியோவிலிருந்தும் வெட்டினான். நாகஜோதியைக் கூட்டிக்கொண்டு, அப்பாவிடம் கழித்துப்போட்ட செகண்ட்ஸ் எடுக்கும் வியாபாரி குமாரவேலின் கடைக்குப் போனான். கையில் எதுவுமில்லாமல் ரிஜெக்ட் விற்க வந்த முதல் ஆளைக் குமாரவேல் மேலும் கீழும் பார்த்தார்.

"சரிங்க, எடுத்துக்கறேன். எங்கீங்க தொங்கவுடறது?"

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் கடை முழுக்கப் பனியன்களில் விலை டேகுகள் தொங்கிக்கொண்டிருந்தன. டேகில் ஒரு க்யூஆர் கோடு அடித்தால் போதும், ஸ்கேன் செய்தால் பாடம் வரும் என்றான் மகுடேஸ்வரன். வாங்குகிற பிள்ளை எந்த வகுப்பென்று எப்படித் தெரியும் என்றார் குமாரவேல். நாகஜோதிதான் ஒரு பனியனை எடுத்துக் கழுத்தைப் புரட்டிக் காட்டினாள்.

"சைஸ் போட்டிருக்குல்ல அண்ணாச்சி. எழுபது ஆறாவது, எழுபத்தஞ்சு எட்டாவது, எண்பது பத்தாவது. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வயசக் கூட்டிக் குறைச்சுச் சொல்லுவாக. பனியன் வாங்கும்போது யாரு பொய் சொல்லுவா?"

குமாரவேல் காசு கொடுக்கவில்லை. போனால் போகிறது என்று, சும்மா கொடுத்தால் ஐம்பது பண்டலில் மாட்டிப் பார்க்கிறேன் என்றார். டேகில் நாகஜோதியின் படம், கையில் ஓட்டைப் பனியன், அடியில் ஃபோன் நம்பர்.

ஆடி பதினெட்டுக்குப் பிறகு ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. எல்லாம் புகார். கான்பூரிலிருந்து ஒருவர், தமிழ்ப் பாடத்தை வைத்து நான் என்ன செய்வது என்று இந்தியில் திட்டினார். நாகஜோதி யூனிட்டில் வடநாட்டுப் பிள்ளைகளிடம் கற்ற இந்தியில் திருப்பித் திட்டினாள். சாமளாபுரத்திலிருந்து ஒரு அம்மா பேசினார்.

"ஏனுங்க, என்ற பையனுக்கு ஒடம்புதானுங்க எண்பது சைஸு. படிக்கறது ஆறாவதுங்க. கேள்வியப் பாத்துட்டு அழுவறானுங்க."

மகுடேஸ்வரன் அந்தச் சொற்களை அப்படியே நோட்டில் எழுதினான். பெங்களூரில் மூன்று வருடம் பிள்ளைகளின் பெற்றோரை அவன் துரத்தியிருக்கிறான். பாடத்தைப் பற்றிப் பேச ஒரு அம்மா தானாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

ஆனால் புகார் விற்பனை ஆகாது. ஆடி கடைசி நாள் மத்தியானம் வரை ஒருவரும் வாங்கவில்லை. கட்டிங் மாஸ்டர் ஒரு கத்தரியை எண்ணெய் போட்டுத் துடைத்து, அவன் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போனார். மூன்று மணிக்குக் குமாரவேல் வந்து நின்றார். டேகு இல்லாமல் போன பண்டல்களை உடுமலைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டாராம், டேகில் இருக்கிற அந்தப் பிள்ளை இல்லாத பனியனை வாங்க மாட்டோம் என்று சனங்கள் சொல்கிறார்களாம். முப்பதாயிரம் டேகுக்கு முன்பணத்தை மேஜைமேல் வைத்தார். ஆத்தப்பன் அதை எண்ணவில்லை. "சொந்தமில்லியே நீங்க?" என்று மட்டும் குமாரவேலிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

ஆவணி ஒன்றாம் தேதி காலை எட்டரைக்கு ஷிஃப்ட் மணி அடித்தபோது, பேக்கிங் டேபிளில் மகுடேஸ்வரன் நின்றான். பக்கத்தில் நாகஜோதி, கழுத்தில் அவன் கம்பெனியின் இரண்டாவது ஐடி கார்டு. ஆத்தப்பனுக்குப் புரியவில்லை.

"செயிச்சுப்போட்டு ஏன் சாமி இங்க நிக்கறே?"

சைஸுக்கு டேகு மாறினால் இன்னொரு பையன் அழுவான், தினமும் கூடவே நின்றுதான் மாட்டவேண்டும் என்றான் மகன். பெங்களூர் நண்பர்களுக்குச் சொல்ல ஒரு பெயரைக் காலையில் பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தான். இப்போது அது மறந்துபோயிருந்தது.

ஆத்தப்பன் டேகுக் கட்டுகளைக் கொஞ்ச நேரம் புரட்டினார். பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"நூறு சைஸுக்கு ஒன்னும் போடலியாக்கும்?"

நாகஜோதி தலை நிமிரவில்லை. கை பனியனை மடித்துக்கொண்டே இருந்தது. "எட்டாவதுல விட்டீகன்னு சொன்னாக, முதலாளி. எழுபத்தஞ்சுல ஒன்னு எடுத்துக்குங்க."

அவர் ஒன்றை உருவி, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டு, கட்டிங் டேபிள் பக்கம் சத்தம் போடப் போய்விட்டார்.