நேரடி ஒலிபரப்பில் ஒரு செருமல்

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கருமாதி முடியும்வரை அந்த வீட்டு ரேடியோ பாடாது. அடுப்பில் தாளிப்பு இல்லை, தறியில் கை வைப்பதில்லை, விசேஷங்களுக்குப் போவதில்லை என்ற வரிசையில் அதுவும் ஒன்று. என் சிறு வயதில் ரேடியோ எங்கள் தெருவுக்கு வந்தே அதிகக் காலம் ஆகியிருக்கவில்லை. அதற்குள் அது எப்படிச் சாவுச் சடங்கில் இடம்பிடித்தது என்று யாரும் கேட்டதில்லை. பிற்காலத்தில் அரசாங்க விதிகளோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். எழுதாத விதிக்குத்தான் ஆயுள் கெட்டி. அதற்குத் திருத்த ஆணை வெளியிட வழியில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், நான் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, தாத்தா இறந்துபோனார். அப்பா மூத்த மகன். கொள்ளி வைத்தவர். சித்தப்பா இளையவர். கிதார் வாசிப்பவர். ஆரணியில் பட்டுத்தறி வீட்டில் பிறந்தவன் கிதார் வாசிப்பது சட்டவிரோதமில்லைதான். ஆனால் எந்தப் பிரிவிலும் அதற்கு அனுமதியும் இல்லை. மெட்ராசுக்குப் படிக்கப் போன இடத்தில் கூடப் படித்த மூன்று பேரோடு சேர்ந்து ஒரு ராக் குழு தொடங்கியிருந்தார். பெயர் கமண்டல்ஸ். எங்கள் கமண்டல நாக நதியின் பெயரை வெட்டி, ஆங்கில வாலை ஒட்டியது. ஆற்றைப் போலவே குழுவும் வருஷத்தில் பல மாதம் வறண்டு கிடந்தது.

தாத்தாவுக்குக் கிதாரின் மேல்கூட அவ்வளவு கோபமில்லை. சித்தப்பாவின் தோளில் புரண்ட முடியின் மேல்தான். “முடிய வெட்டிகினு வா. அப்பால பேசறேன்” என்று ஒரு தீபாவளிக்குச் சொன்னார். சித்தப்பா வெட்டவில்லை. தாத்தாவும் பேசவில்லை. அதன்பிறகு இருவருக்கும் இடையே நடந்த போக்குவரத்தெல்லாம் தாத்தாவின் செருமல் ஒன்றுதான்.

அந்தச் செருமல் தெருவுக்கே தெரியும். வெட்டினாற்போல் இரண்டு, பிறகு இழுத்து ஒன்று. தாத்தா வருகிறார், இலை போடு, சத்தம் வேண்டாம், எல்லாவற்றுக்கும் அதுவே உத்தரவு. வீட்டில் அப்படிச் செரும அவர் ஒருவருக்குத்தான் உரிமை. அப்பா எச்சிலை விழுங்கியே தம் தொண்டையைச் சரிசெய்துகொள்வார்.

தாத்தா இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே கமண்டல்சுக்கு மெட்ராஸ் வானொலியில் ஒரு வாய்ப்பு கிடைத்திருந்தது. இளைஞர் நிகழ்ச்சியில் அரை மணி நேரம், நேரடி ஒலிபரப்பு. முன்னதாகப் பதிவு செய்து, பிசிறு நீக்கி, நாள் பார்த்துப் போடுவதல்ல. அவர்கள் அங்கே தந்தியை மீட்டினால் இங்கே அந்த நொடியே கேட்கும். அதற்கும் விதிகள் இருந்தன. பாட்டு வரிகளை முன்பே கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். கொடுத்த தேதியை மாற்ற முடியாது. மைக்கில் சொந்த விஷயம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. தெருவே அந்த நாளுக்காகக் காத்திருந்தது. தாத்தா அதற்குள் முந்திக்கொண்டார். ஒலிபரப்பு நாள் கருமாதிக்கு முன்பாக வந்து விழுந்தது.

சுடுகாட்டில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மொட்டை அடித்து மீசையும் எடுத்தார்கள். தாத்தா கேட்ட முடி, தாத்தா பார்க்க முடியாத நாளில் மணலில் விழுந்தது. சித்தப்பா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது.

மறுநாள் வீட்டில் பஞ்சாயத்து. தாத்தாவின் தம்பியான சின்ன தாத்தாதான் தொடங்கினார்.

“இன்னாடா இது அநியாயம்? அப்பன் சாம்பல் ஆறல. அதுக்குள்ள போயி ரேடியோல டொய்ங் டொய்ங்னு கத்தப் போறியா?”

“நான் போகல சின்ன நைனா. வரமுடியாதுன்னு தந்தி குடுத்துடறேன்” என்றார் சித்தப்பா. தலையை நிமிர்த்தவில்லை.

அப்பா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். “அவன் போகட்டும். பாடறது மெட்ராஸ்ல. தீட்டு இருக்கறது ஆரணில. ஆனா இந்த வூட்ல கருமாதி வரைக்கும் ரேடியோ பாடாது. அதுல மாத்தமில்ல” என்றார்.

“அப்ப நாங்க எப்டிங்க கேக்கறது?” என்று அம்மா உள்ளிருந்து கேட்டாள்.

“பக்கத்து வூட்ல பாடும். காத மூடிக்கணும்னு எவனும் சொல்லல.”

பின்னாளில் எந்த மேலதிகாரியும் எனக்குச் சொல்லித்தராத ஒன்றை அப்பா அன்று செய்துகாட்டினார். விதியும் உடையக்கூடாது, வேலையும் நடக்க வேண்டும். ரேடியோவின் மேல் ஒரு துண்டைப் போர்த்தினார். சித்தப்பா கிதாரோடு மெட்ராஸ் பஸ் ஏறினார்.

ஒலிபரப்பு நாளன்று மத்தியானம் அப்பா சட்டையை மாட்டினார். சந்தவாசல் பக்கத்துத் தோப்பில் கருமாதிக்கு வாழையிலை சொல்லிவிட்டு வருவதாகச் சொன்னார். சின்ன தாத்தா எகிறினார். “கொள்ளி வெச்சவன் ஊர் எல்ல தாண்டக்கூடாதுடா! இல சொல்ல வேற ஆளே இல்லியா?”

“ஜல்தியா வந்துடறேன்” என்று அப்பா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தம்பியின் பாட்டைக் கேட்கப் பிடிக்காமல்தான் போகிறார் என்று அம்மா முணுமுணுத்தாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

நேரம் நெருங்கியதும் அம்மாவும் நானும் பக்கத்து வீட்டுச் சுவரோரம் போய் நின்றோம். சத்தமே இல்லை. எதிரே ஜரிகைக் கடை பாய் வீட்டிலும் இல்லை. வழக்கமாக மூலைத் தையல்காரர் கடையில் ரேடியோ ஊரையே கூட்டும், அதுவும் ஊமை. அம்மா பொறுக்கமாட்டாமல் பக்கத்து வீட்டம்மாவிடம் கேட்டாள். “ஏங்க்கா, இன்னைக்கு ரேடியோ போடலியா?”

“சாவு வூட்டுப் பக்கத்துல பாட்டு போடுவாங்களாம்மா? நாங்க இன்னா மனுசங்க இல்லியா?”

எங்கள் வீட்டுக்கான விதியை மரியாதைக்காகத் தெருவே தன் தலைமேல் ஏற்றுக்கொண்டிருந்தது. யார் வீட்டிலாவது பாடும் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்க, எவர் வீட்டிலும் பாடவில்லை. எங்கள் ஊர்க்காரர் வாசித்த முதல் நேரடி ஒலிபரப்பு எங்கள் தெருவின் கூரைகளுக்கு மேலே, கேட்க ஆளில்லாமல் கடந்துபோயிற்று. அப்பா இருட்டிய பிறகு வந்து, கால் கழுவிக்கொண்டு படுத்தார்.

சித்தப்பா மறுநாள் வந்தார். கிதாரைக் கீழே வைக்கும் முன்பே, “எப்டி இருந்துச்சி அண்ணி?” என்றார்.

“ரொம்ப நல்லா இருந்துச்சிப்பா.”

“எந்தப் பாட்டு?”

அம்மா உலை கொதிப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள். சித்தப்பாவுக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கிதார் உறையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, கேட்பதற்கு நான் ஒருவன்தான் இருந்தேன் என்பதால் என்னிடம் சொன்னார். கடைசிப் பாட்டுக்கு முன்னால், இது எங்கள் அப்பாவுக்கு என்று சொல்ல நினைத்தாராம். சொல்லக்கூடாதே. அதனால் நால்வரும் பேசி வைத்துக்கொண்டு, வாத்தியங்களை நிறுத்தி, கொஞ்ச நேரம் சும்மா நின்றார்களாம். வெளியே வந்ததும் நிலைய அதிகாரி கத்தியிருக்கிறார். ரேடியோவில் சத்தம் நின்றால் நிலையமே செத்துப்போனதாக ஜனங்கள் நினைப்பார்களாம்.

“நைனா கேக்கறாருன்னு நெனச்சிகினு நின்னேன்டா” என்றார். அப்பா அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

கருமாதி முடிந்தது. இலை ஆரணி மார்க்கெட்டிலிருந்துதான் வந்தது. தணிக்கைக்காரர் யாராவது இருந்திருந்தால் அங்கேயே பிடித்திருப்பார். எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் பஸ் கண்டக்டர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். சந்தவாசல் ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் கொடுக்கச் சொன்னதாக ஒரு கேசட்டை நீட்டினார். “கிதார் தம்பிக்காம். அன்னிக்குப் பாடனது இதுல இருக்குதாம்.”

ரேடியோவின் மேல் போர்த்தியிருந்த துண்டு எடுக்கப்பட்டது. சித்தப்பா தம் டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டார். ரேடியோவின் எதிரே டேப் ரிக்கார்டரை வைத்துப் பிடித்த பதிவு. பாட்டுக்கு நடுவே லாரி ஹாரன், ஒரு நாயின் குரைப்பு, எல்லாம் வாத்தியம் போலச் சேர்ந்திருந்தன. வீடு நிறைய உறவினர்கள். கிதார் அலறியபோது சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு அந்த மௌனம் வந்தது. கேசட்டின் இரைச்சல் மட்டும் ஓடியது. அதற்குள், வெகு தொலைவிலிருந்து வருவது போல, வெட்டினாற்போல் இரண்டு, பிறகு இழுத்து ஒன்று.

“தாத்தா!” என்று நான் கத்திவிட்டேன்.

கருமாதி வரை உயிர் சுற்றிக்கொண்டிருக்கும் என்று அந்த வீட்டில் இரண்டு வாரமாகக் கேட்டு வளர்ந்தவன் நான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. சித்தப்பா கேசட்டைப் பின்னுக்கு ஓட்டினார். மறுபடி அதே செருமல். இன்னொரு முறை ஓட்டினார். மொட்டைத் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“வந்து கேட்டுகினு இருந்திருக்காருடா. நைனா கேட்டுகினு இருந்திருக்காரு.”

சின்ன தாத்தாவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். “முடிய எடுத்துட்ட இல்ல? அப்புறம் பேசாம இருப்பாரா?” என்றார்.

அந்தக் கேசட்டைத்தான் பஸ் ஸ்டாண்டு பாட்டுக் கடைக்காரர் பிரதி எடுத்து, நீளமுடியோடு நால்வரும் நிற்கும் படம் ஒட்டி விற்றார். கமண்டல்ஸ் வெளியிட்ட ஒரே ஆல்பம் அது. குழு அதன்பிறகு அதிக நாள் நீடிக்கவில்லை. எல்லாப் பிரதியிலும் அந்தச் செருமல் இருக்கிறது. வெம்பாக்கத்தில் வேலை பார்த்தபோது ஒருவர், அது புதுமையான இசையமைப்பு என்று எனக்கே விளக்கினார்.

பிறகு போளூர்ப் பக்கம் மாற்றலாகி, ஒரு விசாரணைக்காகச் சந்தவாசல் போனேன். அப்பா காலமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. ரேடியோ ரிப்பேர் கடை இன்னும் இருந்தது. கேசட்டைப் பற்றிக் கேட்டேன். கடைக்காரக் கிழவருக்கு நன்றாக நினைவிருந்தது.

“மொட்ட தலையோட ஒருத்தர் வந்தாருங்க. புது கேசட் அவரே எடுத்துகினு வந்தாரு. உள்ள வந்து குந்துங்கன்னேன். நான் உள்ள வரக்கூடாதுங்க, நீங்க புடிச்சி, கருமாதி அன்னிக்கு ஆரணி பஸ்ல குடுத்து அனுப்புனா போதும்னு ரோட்டோரமாவே நின்னுகினு இருந்தாரு. நடுவுல பாட்டு நின்னுபோச்சி. அப்ப அவரு...” என்று தம் தொண்டையாலேயே செய்துகாட்டினார்.

ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்ற விதியை மீறியவர், பிறர் வாசற்படி ஏறக்கூடாது என்ற விதியைக் காப்பாற்றியிருக்கிறார். அதனால்தான் அந்தச் செருமல் அவ்வளவு தொலைவிலிருந்து கேட்டது. சித்தப்பாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. அப்பாவே சொல்லாமல் மூடிய கோப்பு. அதைத் திறக்கும் அதிகாரம் எனக்கில்லை.

கருமாதி சாயங்காலம் நான் பார்த்தது ஒன்று இருக்கிறது. சித்தப்பா தரையில் உட்கார்ந்து அழுதபோது, அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் தொண்டை ஏறி இறங்கியது. கண்ணில் நீர் கட்டியது. வாயை இறுக மூடிக்கொண்டு விறுவிறுவென்று கொல்லைப்புறம் போனார். நான் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அவர் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. உள்ளே சித்தப்பா மறுபடி கேசட்டை முதலிலிருந்து போட்டார். டிரம்ஸ் முழங்கத் தொடங்கும்வரை அப்பா காத்திருந்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். முதுகு வெட்டினாற்போல் இரண்டு முறை, பிறகு இழுத்து ஒரு முறை குலுங்கியது.

அழுகிறார் என்று நினைத்து, பார்க்கக்கூடாது என்று நான் திரும்பிக்கொண்டேன். டிரம்ஸ் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.