குறைக்க ஒன்றுமில்லாத பில்

தெருவில் என் சித்திக்கு ‘ஆஃப்’ என்று பெயர். அவள் காதுபடவே சொல்வார்கள். தன் சலவைக்கடைக்குள் எந்தப் பக்கம் நடந்தாலும் அவள் கை சுவிட்சைத் தேடும், அணைப்பதற்கு. ஜன்னலோரம் நின்றுதான் தேய்ப்பாள். கெட்டித் துணிகளை முடித்ததும் இஸ்திரிப்பெட்டியை அணைத்துவிடுவாள். மெல்லிய துணிகளெல்லாம் மிச்சச் சூட்டில். சித்தப்பா உயிரோடு இருந்தபோது படிக்க விளக்கைப் போட்டால், “ஏன், பகல்ல எழுத்து ஓடிப் போயிடுமா?” என்பாள். அவர் படிப்பதையே விட்டுவிட்டார்.

அந்தச் சித்தப்பா வாங்கிப் போட்டதுதான் பின்னறையில் நிற்கும் துணி உலர்த்தும் மெஷின். பீரோ அளவு இருக்கும். அது ஓட ஆரம்பித்தால் மீட்டர் பேய் பிடித்ததுபோல் சுற்றும் என்பதால், சித்தி அதன்மேல் சோப்புத்தூள் மூட்டைகளை அடுக்கிவிட்டு மொட்டைமாடியில் கொடி கட்டினாள்.

வெயில் இருக்கும்வரை குறையில்லை. மழை மாதங்களில்தான் தொல்லை. கடை வருமானத்தில் பாதிக்கு மேல் தருவது ஒரு தங்கும் விடுதியின் படுக்கை விரிப்புகள். விடுதி மேனேஜர் ஒருநாள் ஒரு விரிப்பைக் கொண்டுவந்து மேசையில் வீசினார்.

“மோந்து பாருங்க. அடுத்த மழையிலயும் இந்த நாத்தம் அடிச்சா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

அந்தச் சமயத்தில்தான் அரசு மானியம் ஒன்று அறிவிக்கப்பட்டது. பழைய மெஷினையோ ஏசியையோ கொடுத்துவிட்டு மின்சாரம் குறைவாக இழுக்கும் புதியதை வாங்கி, கூரையில் சோலார் பேனலும் போட்டால், செலவில் பெரும்பகுதியை அரசு தரும். சித்தியின் மகன் விண்ணப்பித்தான். எதிரே ஜவுளிக்கடை வைத்திருக்கும் அவள் நாத்தனாரும் விண்ணப்பித்தாள். நட்ட நடுப்பகலில் எல்லா விளக்கும் எரியும் கடை அது. ஏசி ஓடிக்கொண்டிருக்கும், கதவு திறந்தே கிடக்கும்.

பார்வையிட வந்த அதிகாரி சித்தியின் மின் ரசீதுகளைப் புரட்டினார்.

“இந்த மெஷின் ஓடறதே இல்லையாம்மா?”

“ஓட்டினா கட்டுப்படி ஆகாது.”

“அப்புறம் எப்படி? பழசைவிடப் புதுசு எவ்வளவு மிச்சம் பண்ணுதோ அதுக்குத்தான் மானியம். ஓடாத மெஷினை மாத்தினா என்ன மிச்சம்? உங்க பில்லுல குறைக்க ஒண்ணுமே இல்ல.”

“இத்தனை வருஷமா நான் மிச்சம் பண்ணதுக்கு?”

“அது திட்டத்துக்கு முன்னாடிம்மா.” கழுத்தைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தார். “ஃபேனைப் போடுங்களேன், வேர்க்குது.”

“நீங்கதான் கிளம்பறீங்களே,” என்றாள் சித்தி.

வீணாக்கியவர்களிடம்தான் மிச்சம் பிடிக்க முடியும் என்பது அரசாங்கத்தின் கணக்கு. நாத்தனாருக்கு மானியம் வந்தது. புது ஏசி வந்தது, கூரை முழுக்கப் பேனல் ஏறியது. அவள் தன் வாசலில் நின்றே கூப்பிட்டாள்.

“என்ன அண்ணி, அணைச்சு அணைச்சு என்னத்தைக் கண்டீங்க? நான் எரிச்சேன், எனக்குக் கொடுத்தாங்க.”

“எரிச்சாதான் உன் கடைக்கு ஆள் வருது. என் கடைக்கு இருட்டுலயும் வர்றாங்க.”

“வர்றாங்க, வர்றாங்க. மூக்கைப் பொத்திக்கிட்டு!”

சித்திக்குச் சுருக்கென்றது. மகன் அதைப் பிடித்துக்கொண்டான்.

“ஒரே வருஷம்மா. பல்லைக் கடிச்சுக்கோ. எல்லாத் துணியையும் மெஷின்ல போடுவோம். பில் ஏறட்டும். அடுத்த தடவை அந்த ஆளு வாயைத் திறக்க முடியாது. விடுதியும் நம்ம கையை விட்டுப் போகாது.”

சோப்புத்தூள் மூட்டைகளைச் சித்தியே இறக்கி வைத்தாள்.

மெஷின் ஓடியது. தரை அதிர்ந்தது. பின்னறை சூளை மாதிரிக் கொதித்தது. முதல் மாத பில்லை மகன் அவள் கண்ணில் காட்டவில்லை. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். மொட்டைமாடியில் கொடிகள் காலியாகக் கிடந்தன. சித்தி இரண்டு தடவை மாடிக்கு ஏறிப்போய் வெறுங்கையோடு இறங்கி வந்தாள். நாத்தனார் விடுவாளா?

“அண்ணி, வெயில் உங்க வீட்டுக்கு மட்டும் லீவா?”

சித்தி நேராகப் பின்னறைக்குப் போய் மெஷினை அணைத்தாள். பாதி காய்ந்த விரிப்புகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். மகன் வழியை மறித்தான்.

“அத்தை சொன்னதுக்காகவா? உனக்கென்ன பைத்தியமா?”

“அவ பேச்சு கிடக்கட்டும். தலைக்கு மேல சூரியனை வெச்சுக்கிட்டு உள்ள மெஷினை ஓட்ட என்னால ஆகாதுடா.”

“அப்ப மானியமும் போகும், மழை வந்தா விடுதியும் போகும்.”

“போகட்டும்.”

“போனா நான் இங்க எதுக்கு? உன்னோட சேந்து நானும் இருட்டுல உக்காந்துக்கவா?”

“எங்க வெளிச்சம் இருக்கோ அங்க போ!”

அவன் போனான். அதிக தூரமில்லை, எதிரே அத்தையின் கடைக்கு. கல்லாவில் உட்கார்ந்தான். ராத்திரி வந்து படுத்தான், காலையில் போனான். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மழை பிடித்தது. சித்தி கொடிகளை வீட்டுக்குள் கட்டினாள். ஜன்னல்களைத் திறந்தாள், மூடினாள். அடுப்படிவரை விரிப்புகள் தொங்கின. நாற்றம் போகவில்லை. விரிப்புகளை மொத்தமாகத் திரும்ப எடுத்துப்போக மேனேஜர் வேனோடு வந்துவிட்டார்.

மூட்டைகளை எண்ணிக்கொண்டே சொன்னார்: “அந்த மெஷினை ஒரு வருஷம் ஓட்டியிருந்தீங்கன்னா உங்களுக்கும் மானியம் கிடைச்சிருக்குமாமே. உங்க பையன் சொன்னான்.”

“அவன் சொல்லுவான். நீங்க வாயை மூடிட்டு எண்ணுங்க, இல்லன்னா எண்ணிக்கை தப்பிடும்.”

கடைசி மூட்டையை அவளே தூக்கி வேனுக்குள் எறிந்தாள். எதிர்க்கடை வாசலில் நின்றிருந்த மகன் உதவிக்கு வரவில்லை. வந்திருந்தாலும் தொட விட்டிருக்கமாட்டாள்.