கூட்டிச் சொன்ன வருத்தம்

எங்கள் கரையில் ஒரு பழக்கம் உண்டு. ஆசுபத்திரிக்குப் போனால் வருத்தத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்ல வேண்டும். இரண்டு நாள் காய்ச்சலை ஒரு கிழமை என்றால்தான் ஏறெடுத்துப் பார்ப்பார்கள் என்பது எங்கள் எண்ணம். மன்னாரில் வரிசையில் நின்று நின்று நானும் அதில் கைதேர்ந்திருந்தேன்.

என் கணவருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியபோதும் அந்தப் பழக்கம் கூடவே வந்தது. என் தோளில் சாயச் சொல்லித்தான் அவரை உள்ளே கூட்டிப்போனேன்.

"பகலில எவ்வளவு நேரம் படுத்திருக்கிறவர்?" என்று டொக்டர் கேட்டார். வழக்கம்போல் நான்தான் வாய் திறந்தேன்.

"முழுநாளும் படுக்கைதான் டொக்டர். குளிக்க வார்க்கிறதும் நான்தான்."

டொக்டர் பேனையை வைத்துவிட்டார். கட்டியின் அளவை மட்டும் பார்த்து மருந்து ஏற்றுவதில்லையாம். ஆள் எழும்பி நடமாடுகிறாரா, சாப்பிடுகிறாரா, மெலிந்துபோனாரா என்பதையும் வைத்துத்தான் மருந்து எவ்வளவு கைகொடுக்கும் என்று கணிப்பார்களாம். "இந்த நிலைமையில ஏத்தினால் நன்மையை விடக் கெடுதல்தான் கூட. நோவுக்கு மட்டும் குளிசை தாறன், அம்மா."

முதல் நாள் பின்னேரம்கூட அந்த மனுசன் கரையில் இருந்து கிழிந்த வலையைப் பொத்தியவர். "நான் கூட்டிச் சொல்லிப்போட்டன் டொக்டர்" என்றேன். அவர் நம்பவில்லை. மருந்துக்காக இப்போதுதான் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். என் வாயை நானே நொந்துகொண்டேன்.

"எழும்பி நடந்து காட்டுங்கோ, ஐயா."

இவர் எழும்பினார். விறாந்தையின் அந்தம் வரை போய், மாடிப்படி ஏறி இறங்கி, மூச்சு வாங்க வந்து கதிரையில் இருந்தார். "மீன் விக்கிற வாய் டொக்டர், ஒண்டைப் பத்தாக்கும்" என்றார். டொக்டர் சிரித்துவிட்டு மருந்துக்கு நாள் குறித்தார்.

மருந்து நன்றாகவே வேலை செய்தது. இரண்டு வருஷம், கடலுக்குப் போகாவிட்டாலும் கரைக்குப் போய்வந்தார். பிறகு இருமல் திரும்பியது. அந்த முறை வான் வண்டியில் படுக்கவைத்துத்தான் கொண்டுபோனோம். தலை வாரி, புதுச் சேட்டுப் போட்டு, டொக்டர் வருமுன்னே அவரைக் கதிரையில் நிமிர்த்தி இருத்தினேன். அதே கேள்வி வந்தது.

"நல்லா நடமாடுறார் டொக்டர். காலமையும் கரைக்குப் போயிட்டு வந்தவர்."

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூண்டு கிழமையா எழும்பேல்லை டொக்டர்" என்றார். "இவள் இண்டைக்கும் கூட்டித்தான் சொல்லுறாள்."