நேராகப் போன படகு

இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். மட்டாஞ்சேரியில் கேட்டவர்கள் இருக்கிறார்கள். "மாணிக்கம், நீ நேராகப் போகப் பழக்கிய படகு ஒருநாள் உன்னை விட்டுவிட்டும் நேராகவே போகும்" என்றேன். சிரித்தான்.

செய்தி வந்தபோது படகு ஜெட்டிப் பக்கத்துச் சாயாக்கடையில் இருந்தேன். கடைக்காரச் சேட்டன் கிளாஸைக் கையில் பிடித்தபடியே சொன்னார்: "மாணிக்கம் போன படகு கிடைச்சு. ஆளைக் காணல." கரைக்கு வெகு தொலைவில், ஆளில்லாமல், கயிறு பிடித்தாற்போல் மேற்கே போய்க்கொண்டிருந்ததாம். ஸ்டியரிங் சக்கரம் தானாக இம்மி இம்மியாகத் திரும்பிக்கொண்டிருந்ததாம். இரண்டு நாள் கழித்து உடல் ஒதுங்கியது.

மீன்பிடிப் படகுகளுக்கு, சொன்ன திசையில் தானே ஓட்டும் ஆட்டோபைலட் பொருத்திச் சரிசெய்வது அவன் தொழில். கொச்சியில் படகு ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், இரண்டு பேருமே இந்தப் பாகு மாமாதான் என்று பேசித் திரிந்தவன் நான். எனக்கே ஆட்டோபைலட்டைப் பழக்கியவன் அவன்தான்.

ஒருமுறை ஒரு முதலாளியின் படகு, கள்ளு ஷாப்பிலிருந்து வருகிறவனைப்போல இரண்டு பக்கமும் ஆடியது. கடலே பயந்து ஒதுங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணிக்கம் ஆட்டோபைலட் பெட்டியைத் தொடவில்லை. திசைகாட்டிக்குப் பின்னால் இருந்த பலகையைக் கழற்றினான். சமையல்காரன் பாட்டுக் கேட்க அங்கே ஒரு ஸ்பீக்கரைச் செருகி வைத்திருந்தான். "பக்கத்துல காந்தம் இருந்தா வடக்கே பொய்யாயிடும், மாமா." ஸ்பீக்கரை எடுத்துவிட்டு, அசையாத தண்ணீரில் மெதுவாக இரண்டு வட்டம் அடித்துத் திசைகாட்டியைத் திருத்தினான். முதலாளியிடம், "கண்டுபிடிச்சது பாகு மாமாதான்" என்றான். நான் மறுக்கவில்லை.

சுக்கானின் துடிப்பைக் குறைத்து வைக்கும்போது சொல்வான்: "ஒவ்வொரு அலைக்கும் சுக்கான் பதில் சொல்லக் கூடாது. உங்க வாய் மாதிரி ஆயிடும்."

ஒரு விஷயத்தில் மட்டும் கறார். கடலில் ஓட்டிப் பார்க்கும்போது இரண்டு பேர் வேண்டும். ஒருவன் பின்னால் குனிந்து சுக்கான் திரும்புவதைப் பார்ப்பான். ஒருவன் முன்னால் ஸ்டாண்ட்பை பட்டனில் கை வைத்து நிற்பான். அதை அமுக்கினால்தான் படகு மறுபடி மனிதன் சொல் கேட்கும். பின்னால் குனிவது அவன். முன்னால் நிற்பது எப்போதும் நான்.

அன்று ஏன் தனியாகப் போனான் என்று எல்லாரும் கேட்டீர்கள். அவன் மனைவியும் கேட்டாள். "காலையில போன் பண்ணினான் தாயி. 'சின்ன வேலைதான், நீங்க வரவேண்டாம், நான் பார்த்துக்கறேன் மாமா'ன்னான்" என்றேன். "உங்களைச் சிரமப்படுத்த வேண்டாம்னு நினைச்சிருப்பாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவன் அப்படிச் சொல்லவில்லை. வருகிறேன் என்று முந்தின நாள் வாக்குக் கொடுத்தவன் நான். மறுநாள் அவன் கிளம்பும் நேரத்தில் பள்ளுருத்தியில் ஒரு கல்யாண வீட்டில் உட்கார்ந்து, புயலில் ஒற்றைக் கையால் படகைத் திருப்பிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கதை நல்ல இடத்தில் இருந்தது. நாலு முறை அடித்தும் எடுக்கவில்லை.

அந்த நாலு அழைப்பும் அவன் பெயரோடு போனில் கிடக்கின்றன. அவனிடமிருந்து நான் வைத்திருப்பது அவ்வளவுதான்.