வைக்கோல் வண்டி போன வழி

மழையில் நனைந்த செம்மண் வாசனை வந்தால் எனக்கு இப்போதும் பதறும். குடவாசல் பக்கம் எங்களுடையது களிமண். அறுவடை முடிந்தால் யார் வயலிலும் யார் வண்டியும் போகலாம். அப்பாவின் வைக்கோல் வண்டி உச்சியில் படுத்தபடி நானும் அப்படிப் போனவன்தான். அந்தப் பழக்கத்தில், பக்கத்து வயலை வாங்கி மனை போட்டவர் லாரிக்கு வழி கேட்டதும் தலையாட்டிவிட்டேன்.

ஒரு மழைநாளில் போனால், என் வயலின் நடுவே செம்மண் பரப்பி, "இதுதாங்க ரோடு" என்று மனை பார்க்க வந்தவர்களிடம் காட்டிக்கொண்டிருந்தார். அன்றே ஆள் வைத்து மண்ணை அள்ளி அவர் மனையிலேயே கொட்டினேன். விட்டிருந்தால் வயல் தெருவாகியிருக்கும்.

இப்போதெல்லாம் சம்பா அறுப்புக்கு முன்பே உளுந்து தெளித்துவிடுகிறேன்; அறுத்த பிறகும் வயல் வெறுமனே கிடக்காது. இந்த வருடமும் அறுப்பு முடிந்ததும் வழி கேட்டு வந்தார். பச்சையைப் பார்த்துவிட்டு பைக்கைக் கிளப்பினார்.

"வழியே இல்லாமப் பண்ணிட்டீங்களே சார்."

"வைக்கோல் வண்டி வந்தா சொல்லுங்க. உளுந்தைப் பிடுங்கிட்டு வழி விடுறேன்."