பேரையூர் பைக்குக்குக் கிளட்ச் மாற்றிய ஞாயிறு

அக்கா புகுந்த ஊரான பேரையூரிலிருந்து பைக்கை ஓட்டிக்கொண்டு செல்லூரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு சனிக்கிழமை மாலை. ஹெல்மெட்டைக் கழற்றியபோது இடது கண் வீங்கி மூடிக்கிடந்தது. உதடு பிளந்து ரத்தம் காய்ந்திருந்தது. ஆனால் அவள் வண்டியைப் பற்றித்தான் பேசினாள்.

"திருமங்கலம் தாண்டுனதுல இருந்து முறுக்குனா சத்தம்தான் வருது, வண்டி நகர மாட்டேங்குது. ஒரே கருகல் வாடை. பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சே கொன்னுட்டான்."

கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்றேன். நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்துவிட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றில் வேலை பார்ப்பவள். அந்த வண்டி கல்யாணத்தின்போது எங்கள் வீட்டில் கொடுத்தது, ஆர்.சி.யும் அக்கா பெயரில்தான். ஆனால் முந்தின நாள் மருந்துக்கடைக்குப் போக அதை எடுத்ததற்குத்தான் அவள் கணவன் அப்படி அடித்திருந்தான்.

"நாளைக்கே மாத்திக் குடு. திங்கக்கிழமை வாடிப்பட்டி மில்லுக்கு வேலைக்கு வரச் சொல்லியிருக்காக. இனிமே பேரையூருக்குப் போக மாட்டேன்" என்றாள். அம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடை பூட்டுமுன் ஓடிப்போய் பிளேட்டும் மூடிக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட்டும் புது ஆயிலும் வாங்கிவந்து, பிளேட்டுகளை இரவே அந்த ஆயிலில் ஊறப் போட்டேன். காலையில் வாசலில் வண்டியை ஸ்டாண்டு போட்டு, பழைய ஆயிலை ஒரு தட்டில் வடித்தோம். மிதித்து ஸ்டார்ட் செய்யும் இரும்புக் கிக்கரைக் கழற்றிக் கீழே வைத்தோம். இன்ஜினின் வலது பக்க மூடி ஒட்டிப்போய் வர மறுத்தது. அக்கா ரப்பர் சுத்தியலை என்னிடமிருந்து பிடுங்கி அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்தாள்.

"மெதுவா அடிக்கா, ஒடஞ்சிரும்" என்றேன்.

மூடி வந்தது. உள்ளே பிளேட்டுகள் கரியாகிக் கிடந்தன. ஸ்பிரிங்குகளைக் கழற்றி அவற்றை உருவிக்கொண்டிருந்தபோது கேட்டில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது அவள் கணவன்.

நேரே வந்து, உட்கார்ந்திருந்தவளின் முடியைப் பிடித்து இழுத்து கேட் கம்பியில் தலையை மோதினான். "மச்சான், கைய எடுங்க" என்று தோளைப் பிடித்தேன். முழங்கையால் என் வாயில் இடித்தான். பல் உதட்டில் ஏறி வாயெல்லாம் ரத்தம். அக்கா கீழே விழுந்தாள். விழுந்தவளின் வயிற்றில் மிதித்தான்.

"யாரக் கேட்டுடி வண்டிய எடுத்த?"

இரண்டாவது முறை மிதிக்கக் காலைத் தூக்கியபோது அக்கா கையில் கிக்கர் இருந்தது. ஊன்றியிருந்த காலின் முட்டியில் அடித்தாள். காய்ந்த தென்னம்மட்டையை மிதித்தது போல ஒரு சத்தம். அவன் ஆயில் தட்டின் மேலேயே சாய்ந்தான். அவளைப் பிடிக்க நீட்டிய கையில் ஒரு அடி. தோளில் ஒரு அடி. அவன் கத்துவதை நிறுத்திவிட்டு முனக ஆரம்பித்த பிறகும் அவள் கை ஓங்கியபடியே இருந்தது. பின்னாலிருந்து இறுக்கிக் கட்டிக்கொண்டேன். என்னையும் உதறினாள்.

"விடு. இன்னும் ஒண்ணே ஒண்ணு."

அந்தக் குரல் எனக்குப் பழக்கமில்லாதது. அவனைவிட அவளுக்குத்தான் அப்போது பயந்தேன்.

அம்மா ஓடிவந்தாள். "கட்டுனவன இப்படியா அடிப்ப? சமாதானமாக் கூட்டிட்டுப் போகட்டும்னுதானே போன் போட்டேன்."

அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "நீ கூப்பிட்ட ஆளு. நீயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

வந்த ஆட்டோவிலேயே, டிரைவரும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கி ஏற்ற, அம்மாவும் அவனும் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். அக்கா சாக்கடை ஓரம் உட்கார்ந்து வாந்தியெடுத்தாள். நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பலாம் என்றேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "முதல்ல இத மாட்டு" என்றாள்.

மாட்டினோம். ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டை இருவரும் பிளேடால் சுரண்டி எடுத்தோம். என் உதட்டிலிருந்து சொட்டியதைத் துணியால் துடைத்துத் துடைத்துத்தான் மூடியை முடுக்கினேன். ஆயில் ஊற்றி, செல்ஃபில் ஸ்டார்ட் செய்து, அந்த வண்டியிலேயே மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். கையோடு கொண்டுபோன கிக்கரைப் போலீசார் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவனும் புகார் கொடுத்தான். இரண்டு வழக்கும் இன்னும் நடக்கின்றன. அவன் முட்டியில் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள், கம்பு ஊன்றித்தான் நடக்கிறான்.

அந்த வாரமே அக்கா மில்லில் சேர்ந்தாள். வாடிப்பட்டியில் ஒரு அறை எடுத்திருக்கிறாள். அம்மா போன் செய்தால் எடுப்பதில்லை.

போன மாதம் அங்கே போயிருந்தேன். சோறு போட்டுக்கொண்டே திடீரென்று சொன்னாள்: "முட்டி ஒடஞ்ச சத்தம் கேட்டுச்சுல்ல, அப்ப எனக்கு அம்புட்டு சந்தோசமா இருந்துச்சுடி. அத நெனச்சாத்தான் இப்ப பயமா இருக்கு."

அவள் குழம்பை என் பக்கம் தள்ளிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.