தம்பி கொடுத்த சிறுநீரகமும் அக்காவின் இரண்டாவது ஒபரேஷனும்

ஸ்டெல்லா டீச்சர் எங்கள் கிளினிக்கின் தராசில் ஏறியதும் முள் தொண்ணூற்றெட்டில் போய் நின்றது. அவர் கீழே பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே, "சத்தமாச் சொல்லாதீங்க மிஸி, எழுதிக்கங்க" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லை. வெறும் மூட்டம். எங்கள் மலைப்பக்கத்து ஆஸ்பத்திரியில் காலை கிளினிக் என்றால் அப்படித்தான். ஆட்கள் நடந்து வருவது தெரியாது. வாசலில் திடீரென்று முளைத்து நிற்பார்கள், தலைமுடியில் நீர் முத்துகளோடு. அந்தச் சிறுநீரக கிளினிக்கில் கடைசி ஒன்பது வருடங்கள் தாதியாக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு நினைத்துப் பார்த்தால் அத்தனை காலைகளும் ஒரே நீளமான காலை போலத்தான் தோன்றுகின்றன. அதற்குள் சில முகங்கள் மட்டும் தெளிந்து வரும். இந்த அக்கா, தம்பியின் முகங்கள்தான் அவற்றில் முதலாவது.

டீச்சர் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பித்தவர். மூன்று வருடம் டயலிசிஸில் கிடந்தார். தம்பி ஜோசப், தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்பவர், தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். மாற்று ஒபரேஷன் முடிந்து எங்களிடம் முதலில் வந்தபோது டீச்சரின் எடை அறுபத்தொன்று.

டயலிசிஸ் காலத்தில் தண்ணீருக்கும் அளவு, பழத்துக்கும் தடை. "கனவுல ஓடைல எறங்கி வாய வச்சுக் குடிப்பேன் மிஸி. எழும்பிப் பாத்தா நாக்கு காஞ்சு கெடக்கும்" என்று சொல்லுவார். புதிய சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கியதும் தடையெல்லாம் போயிற்று. அதோடு, உடம்பு அதை வெளித்தள்ளாமல் இருக்கக் கொடுக்கும் ஸ்டீரோயிட் பசியைக் கிளப்பிவிடும். சாப்பிட்டுக் கை கழுவும்போதே மறுபடி பசிக்கும் என்றார். நாலு வருடத்தில் முப்பத்தேழு கிலோ கூடியது. சீனி வியாதி வந்தது, பிரஷர் வந்தது. யூரினில் புரதம் போகத் தொடங்கியது. கொடுத்த சிறுநீரகம் களைக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

எடையைக் குறைக்க ஒரு ஒபரேஷன் செய்யலாம் என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, மிச்சத்தை ஒரு குழாய் மாதிரி ஆக்குவது. கொஞ்சம் சாப்பிட்டாலே நிறையும், பசியும் குறையும். மாற்றுச் சிறுநீரகம் உள்ளவருக்கு இதில் ஆபத்து கூடுதல். ஆனால் இப்படியே விட்டால் சிறுநீரகம் தாங்காது.

அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜோசப் எழுந்துவிட்டார். "மறுபடி வெட்டணுமா? வாயக் கட்டச் சொல்லுங்க, போதும். நான் குடுத்தத சோத்தாலயே கெடுக்குது."

டீச்சரின் முகம் செத்துப்போயிற்று. டொக்டர் என்னிடம் அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். நான் மொழிபெயர்க்கத் தயங்கினேன். டீச்சரே சிங்களத்தில் டொக்டரிடம் சொன்னார்: "செய்யுங்க."

கொழும்பில் ஒபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு வாரம் இரண்டு தடவை அவருக்குப் போன் எடுத்து விசாரிப்பது என் வேலை.

"மாத்திரை போட்டீங்களா டீச்சர்?"

"போட்டேன் மிஸி."

"தண்ணி?"

"கொஞ்சங் கொஞ்சமா."

பின்னால் ஜோசப்பின் குரல் கேட்கும். புத்தகத்தில் சரி போடுவேன். மூன்றாவது வாரம் தோட்டத்து டிஸ்பென்சரியில் எடை பார்த்து, இரத்தமும் எடுத்து அனுப்பினார்கள். எடை எண்பத்தாறு. எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம்.

அதற்கு மறுநாள் இரத்த ரிப்போர்ட் வந்தது. சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தின் அளவு இரத்தத்தில் அடிமட்டத்தில் இருந்தது. சிறுநீரகம் களைப்பதைக் காட்டும் கிரியட்டினின் ஏறியிருந்தது. போன் எடுத்தேன். அதே பதில்: "போட்டேன் மிஸி." ஆனால் சொற்கள் நாக்கில் ஒட்டி ஒட்டி வந்தன. உடனே வரச் சொன்னேன்.

த்ரீவீலரில் வந்து இறங்கினார்கள். டீச்சரின் உதடு வெடித்திருந்தது. ஜோசப்பை வெளியே உட்காரவைத்துவிட்டு, டிரெஸிங் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"மாத்திரை போட்டீங்க. நம்புறேன். போட்ட பெறகு என்னாச்சு?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்ச நேரத்துல வெளிய வந்துரும் மிஸி. பத்து நாளா இப்படித்தான். தண்ணியும் நிக்கல. வேணாம்னு அவன் சொன்னதத்தானே நான் செஞ்சேன்? அவன் பக்கத்துல நிக்கும்போது எப்படிச் சொல்றது?"

டொக்டர் கொழும்புக்குப் பேசினார். செலைன் ஏற்றி அம்புலன்ஸில் அனுப்பினோம். நானும் ஜோசப்பும் கூடப் போனோம். மலை இறங்கும்வரை கண்ணாடிக்கு வெளியே பாதையே தெரியவில்லை. வண்டி ஓடுகிறதா மிதக்கிறதா என்று சொல்ல முடியாது. தேயிலைச் செடிகள் ஒரு கணம் வந்து, கரைந்து போயின. டீச்சர் அரை மயக்கத்தில் பேசிக்கொண்டே வந்தார். பெரிய மண்டபமாம். மேசை மேசையாகச் சாப்பாடு. எல்லாருக்கும் இலை போட்டாயிற்று. அவரை மட்டும் யாரும் உட்காரச் சொல்லவில்லையாம்.

"நான் நின்னுக்கிட்டே இருக்கேன் தம்பி. ஒன் பொருளக் கையில வச்சுக்கிட்டு."

நான் ஜோசப்பிடம் நடந்ததைச் சொல்லியிருந்தேன். அவர் குனிந்து அக்காவின் நெற்றியில் கை வைத்தார். "அது என் பொருளு இல்லக்கா. குடுத்தன்னைக்கே ஒன்னோடது. நல்லா இருந்தாலும் ஒன்னோடது, கெட்டாலும் ஒன்னோடது. என்கிட்ட மறைக்காத, அது போதும்."

இரைப்பைக் குழாயில் ஒரு இடம் சுருங்கியிருந்தது. வாய்வழியாகக் கமெரா விட்டு, பலூன் வைத்து விரித்தார்கள். வாந்தி நின்றது. மருந்தின் அளவு ஏறியது. கிரியட்டினின் பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பவில்லை. ஆனாலும் பயப்படத் தேவையில்லாத இடத்தில் வந்து நின்றது. அடுத்த வருடம் டீச்சர் எழுபத்திரண்டு கிலோ. சீனி மாத்திரை பாதியாகக் குறைந்தது.

எனக்குப் பின்னால் வந்த தாதிகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்: 'மாத்திரை போட்டீங்களா' என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு எல்லாரும் ஆம் என்பார்கள். போட்ட பிறகு என்ன நடந்தது என்று கேளுங்கள். தனியாக வைத்துக் கேளுங்கள்.

ஆனால் நான் கற்றுக்கொண்டது அதோடு முடியவில்லை. எழுபத்திரண்டு என்று எழுதிய அந்தக் காலை, டீச்சர் மருந்து வாங்க வரிசையில் நின்றார். ஜோசப் மட்டும் என் மேசைப் பக்கம் வந்தார்.

"மிஸி, ஒண்ணு கேக்கலாமா? ஒத்தக் கிட்னிக்காரன் எங்க காட்டணும்? கொஞ்ச நாளா காலைல தல சுத்துது. ஒரு நாள் சம்பளம் போயிரும்னு கொழும்புக்கு செக்கப்புக்குப் போறத விட்டுட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. கொடுத்தவரையும் வருடா வருடம் பார்க்க வேண்டும். அது எனக்குத் தெரியும். இத்தனை வருடமாக அந்த மனுசனைப் பார்த்த நேரமெல்லாம் 'அக்கா எப்படி' என்றுதான் கேட்டிருக்கிறேன். அன்று அவர் கோபமாகக் கத்தியதற்குள் எவ்வளவு பயம் இருந்திருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது.

கதிரையை இழுத்துப் போட்டேன். சட்டைக் கையைச் சுருட்டச் சொல்லி பிரஷர் பார்த்தேன். கூடுதல்தான், மருந்தால் அடக்கக்கூடியது. அலுமாரியில் இருந்து ஒரு புதிய கிளினிக் புத்தகம் எடுத்தேன்.

"அக்கா பேர எழுதணுமா மிஸி?" என்றார் பழக்கத்தில்.

"இல்ல" என்றேன். "ஒங்க பேரச் சொல்லுங்க."